மறுக்கத் தெரிந்த உலகம்: ஆறாம் எல்டர் ஸ்க்ரோல்ஸை உருவாக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

மேரிலாந்து மாநிலம் ராக்வில்லில் இயங்கும் பெதெஸ்டா கேம் ஸ்டுடியோஸின் வடிவமைப்பாளர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் நிரலாளர்களுக்கும்,

வணக்கம்.

2018 ஜூன் மாதம் ஈ3 என்ற வீடியோ விளையாட்டுக் கண்காட்சியில், எல்டர் ஸ்க்ரோல்ஸ் என்ற உங்கள் கற்பனை உலக விளையாட்டுத் தொடருக்கு ஒரு நிமிடம்கூட நீளாத முன்னோட்டம் ஒன்றை நீங்கள் காட்டினீர்கள். கரடுமுரடான மலைகள் தெரிந்தன, பழகிய இசை எழுந்தது, ஆறாம் பாகம் வருகிறது என்ற எழுத்து தோன்றியது, அவ்வளவுதான். அதற்கு முந்தைய பாகமான ஸ்கைரிம் வெளிவந்தது 2011 நவம்பர் 11 அன்று. அந்த நாளில் பிறந்த குழந்தை இப்போது உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும். தாமதத்தைக் குறை சொல்ல இந்த மடலை எழுதவில்லை. எவ்வளவு காலம் வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் காலத்தை எதில் செலவிடுகிறீர்கள் என்பதைப் பற்றி, உங்கள் விளையாட்டுகளை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆடிவரும் ஒருவன் என்ற முறையில், சிலவற்றைச் சொல்ல எனக்கு உரிமை இருப்பதாக நினைக்கிறேன். இதை ஏன் தமிழில் எழுதுகிறேன் என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ரசிகர்களின் விருப்பங்கள் உங்களுக்கு ஏற்கெனவே மூட்டை மூட்டையாக வந்து சேர்ந்திருக்கும். கப்பல் வேண்டும், கோட்டை கட்ட வேண்டும், நண்பர்களோடு சேர்ந்து ஆட வேண்டும், வரைபடம் இன்னும் பெரிதாக வேண்டும் என்று கேட்டிருப்பார்கள். நான் கேட்பது, பல வடிவங்களில் வந்தாலும், அடிப்படையில் ஒன்றுதான்: ஆடுபவனிடம் 'முடியாது' என்று சொல்லத் தெரிந்த உலகம் வேண்டும்.

இந்த ஆசை எனக்கு எங்கிருந்து வந்தது என்பதைச் சொன்னால்தான் மற்றவை புரியும். தொடரின் மூன்றாம் பாகமான மாரோவிண்ட் 2002-இல் வெளிவந்தது. எனக்கு அது கிடைத்தபோது 2004 ஆகியிருந்தது. 256 எம்பி நினைவகம் கொண்ட பழைய கணினியில், மழைக் காட்சி வந்தால் படம் திக்கித் திக்கி ஓடும் நிலையில்தான் அதை ஆடினேன். பல்மோரா ஊரில் ஒருவர் என்னை டுவெமர் என்ற மறைந்துபோன இனத்தாரின் இடிபாடு ஒன்றுக்குப் போய் ஒரு புதிர்ப் பெட்டியை எடுத்துவரச் சொன்னார். எங்கே போக வேண்டும் என்பதை அம்புக்குறியால் காட்டவில்லை, வாயால் சொன்னார். ஊரின் தெற்குப் பக்கம் வெளியேறு, ஓடாய் ஆற்றுப் பாலத்தைக் கடந்து மூன்மாத் கோட்டைப் பக்கம் போ, பள்ளத்தாக்கின் மேல் ஒரு பழங்காலப் பாலம் வரும், அதைத் தாண்டினால் இடிபாடு இருக்கிறது என்ற அளவில்தான் வழி தெரிந்தது. கோடு போட்ட ஒரு நாற்பது பக்க நோட்டில் அதைத் தமிழில் குறித்துக்கொண்டு நடந்தேன். இருமுறை வழி தவறியது. ஒருவழியாக இடிபாட்டை அடைந்தால் கதவைத் திறக்கும் திருகு கதவில் இல்லை. சற்றுத் தள்ளி ஒரு குழாயின் மேல் இருந்தது. உள்ளே போன பிறகு, கையளவேயான அந்தப் பெட்டியை அலமாரித் தட்டில் கண்டெடுக்க எனக்கு இரண்டு மாலைப் பொழுதுகள் ஆயின. இருந்தும் இன்றைக்கு அந்தப் பாதையை என்னால் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியும். ஸ்கைரிமில் நூற்றுக்கணக்கான குகைகளுக்குள் போய் வந்திருக்கிறேன். அவற்றில் எதற்கும் வழி சொல்ல என்னால் முடியாது. வழியைப் பார்க்காமல், இலக்கைத் திரையில் காட்டும் அம்புக்குறியைப் பார்த்தே நடந்திருக்கிறேன் என்பதுதான் காரணம்.

அம்புக்குறியை வேண்டாதவர்கள் அணைத்துவிடலாமே என்று நீங்கள் பதில் சொல்லக்கூடும். அணைத்துப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், அங்கேதான் சிக்கல் இருக்கிறது. ஸ்கைரிமில் பணி கொடுக்கும் பாத்திரம் பெரும்பாலும் இடத்தின் பெயரைச் சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறது. எந்தத் திசை, எந்த அடையாளம் என்பதை அது சொல்வதில்லை, ஏனென்றால் அம்புக்குறி இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் அந்த வசனம் எழுதப்பட்டிருக்கிறது. குறியை அணைத்தால் ஆட்டம் கடினமாவதில்லை, ஆடவே முடியாததாகிவிடுகிறது. ஆகவே நான் கேட்பது ஒரு அணைப்புப் பொத்தானை அல்ல. முதலில் வழியைச் சொல்லில் எழுதுங்கள். அம்புக்குறியை அதற்குமேல் ஒரு வசதியாக வையுங்கள். மாரோவிண்டில் சில வழிகள் பிழையாகவும் சொல்லப்பட்டிருந்தன என்பதை நான் மறக்கவில்லை. ஒரு கிராமத்தான் திசை தவறிச் சொல்வது எனக்குப் பெரிய குறையாகவும் தோன்றவில்லை. எங்கள் ஊரிலும் 'இதோ இந்தத் திருப்பத்துல தான்' என்பார்கள், போனால் மூன்று கிலோமீட்டர் இருக்கும். இப்படி எழுதினால் இன்றைய ஆட்டக்காரர்கள் பொறுக்கமாட்டார்கள் என்ற அச்சத்துக்கும் இப்போது இடமில்லை. 2022-இல் வந்த எல்டன் ரிங், ஒவ்வொரு பணிக்கும் அம்புக்குறி காட்டாமலேயே, ஒரே ஆண்டுக்குள் 2 கோடிப் பிரதிகள் விற்றது.

உலகம் மறுக்க வேண்டிய இடங்களில் இரண்டாவது, அதன் அமைப்புகள். ஸ்கைரிமில் விண்டர்ஹோல்ட் மந்திரக் கல்லூரியின் பாலத்தில் நிற்கும் ஆசிரியை உங்களை ஒரு மந்திரம் செய்து காட்டச் சொல்கிறார். தெரியாது என்றால் அந்த மந்திரத்தை அவரே 30 பொற்காசுக்கு விற்கிறார். வாங்கி, செய்து காட்டி, உள்ளே போய்விடலாம். நுழைவுத் தேர்வு நடத்தும் ஆசிரியரே விடைத்தாளை விற்பது போன்றது இது. அதோடு முடிந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். அங்கிருந்து சில பணிகளை முடித்தால், பெரும்பாலும் கோடரியாலேயே சண்டையிட்ட ஒருவன் கல்லூரியின் தலைமை மந்திரவாதியாகவே ஆகிவிடலாம். அதே ஆள் கம்பானியன்ஸ் என்ற வீரர் குழுவுக்கும் தலைவன், திருடர் சங்கத்துக்கும் தலைவன், கொலைகாரர்களின் இருண்ட சகோதரத்துவத்துக்கும் தலைவன். ஒரு நாட்டின் எல்லாப் பதவிகளும் ஒரே ஆளிடம் குவிந்திருப்பதைப் பார்த்தும் அந்த நாட்டில் எவருக்கும் சிறு ஐயம்கூட எழுவதில்லை.

மாரோவிண்டில் பதவி உயர்வு வேண்டுமானால் அந்தச் சங்கம் மதிக்கும் திறன்கள் குறித்த அளவுக்கு வளர்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் முகத்துக்கு நேராகவே, நீ இன்னும் தகுதி பெறவில்லை, போய்ப் பயிற்சி செய்துவிட்டு வா என்பார்கள். ரெடோரன், ஹ்லாலு, டெல்வானி என்ற மூன்று பெருங்குடிகளில் ஒன்றில் சேர்ந்தால் மற்ற இரண்டின் கதவுகளும் மூடிக்கொள்ளும். டெல்வானி மந்திரவாதிகளோ ஒருபடி மேலே போய், தங்கள் காளான் கோபுரங்களுக்குப் படிக்கட்டே வைக்கவில்லை. காற்றில் மிதக்கும் மந்திரம் தெரியாதவன் மேல்மாடியில் இருக்கும் எசமானரைச் சந்திக்கவே முடியாது. ஒரு கட்டடமே தன் குடிகளின் திமிரை இப்படிக் காட்டியதை வேறெந்த விளையாட்டிலும் நான் பார்த்ததில்லை. எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் பார்த்துவிட வேண்டும் என்று நினைக்கும் ஆட்டக்காரரை வருத்தக்கூடாது என்பது உங்கள் எண்ணமாக இருக்கலாம். ஆனால் மூடிய கதவு ஒன்று இருந்தால்தான் அவர் இரண்டாவது பாத்திரத்தை உருவாக்குவார். இரண்டு முறை ஆடப்படும் இருநூறு மணி நேரத்தில் ஒவ்வொரு முறையும் வேறு கதை கிடைக்கும்.

இப்போது மரணத்துக்கு வருகிறேன். ஸ்கைரிமில் கதைக்குத் தேவையான பாத்திரத்தை வெட்டினால், அவர் முழங்காலிட்டுச் சற்று மூச்சு வாங்கிவிட்டு எழுந்துவிடுவார். நெருப்பில் எரித்தாலும், மலையுச்சியிலிருந்து தள்ளினாலும் அதே முழங்கால், அதே மூச்சு. அந்தக் காட்சியை முதல்முறை பார்த்தபோது என் கையிலிருந்த வாள் மரக்கத்தியாகிவிட்டதாக உணர்ந்தேன். மாரோவிண்டில் அப்படிப்பட்ட ஒருவரைக் கொன்றால், ஊழின் இழை அறுந்துவிட்டது, முன்பு சேமித்து வைத்த ஆட்டத்துக்குத் திரும்பலாம் அல்லது நீயே பாழாக்கிய இந்த உலகத்தில் தொடரலாம் என்ற பொருள்படும் ஒரு செய்தி வரும். அத்தோடு விடாமல், இழை அறுந்த பிறகும் கதையை முடிக்க ஒரு பின்வழியை நீங்களே ஒளித்து வைத்திருந்தீர்கள்: கோர்ப்ரஸ் நோயாளிகளின் காப்பகத்தில் வாழும் கடைசி டுவெமரைத் தேடிப்போய், அவர் சரிசெய்து தரும் கவசக் கையுறையை அணிந்து, அது உடலில் ஏற்படுத்தும் கொடும் சேதத்தைத் தாங்கினால், தீர்க்கதரிசனத்தின் துணையில்லாமலேயே கடைசிப் பகைவனை வீழ்த்தலாம். பெரும்பாலானோர் அந்த வழியைக் கண்டுபிடிக்கமாட்டார்கள் என்று தெரிந்தேதான் அதை உருவாக்கியிருக்கிறீர்கள். அந்தத் தாராளம்தான் எனக்கு மீண்டும் வேண்டும். 2023-இல் வந்த பால்டர்ஸ் கேட் 3 முக்கியமான பலரைக் கொல்ல விட்டு, அதற்கேற்பக் கதையை நகர்த்துகிறது. அந்த ஆண்டின் சிறந்த விளையாட்டு என்ற பரிசையும் அது பெற்றது. குழந்தைகளுக்கும் முதன்மைக் கதையின் ஓரிருவருக்கும் காப்பு வேண்டுமானால் கொடுங்கள். கடைக்காரருக்கும் ஊர்ப் பெரிய மனிதருக்கும் அது எதற்கு?

கொல்வதைப் பற்றி மட்டும் நான் பேசவில்லை. ஸ்கைரிமின் உள்நாட்டுப் போரில் ஒரு பக்கம் சேர்ந்து நகரத்தைப் பிடித்தால், அரண்மனையில் உட்கார்ந்திருக்கும் ஆள் மாறுகிறார், காவலர்களின் சட்டை மாறுகிறது. சந்தையில் காய்கறி விற்கும் அம்மாள் நேற்றுச் சொன்னதையே இன்றும் சொல்கிறார். போரில் மகனை இழந்தவள் உங்கள் முகத்தைப் பார்த்துக் கதவைச் சாத்துகிறாள் என்றோ, தோற்ற பக்கத்துக் கொல்லன் உங்களுக்கு மட்டும் விலையை ஏற்றிச் சொல்கிறான் என்றோ ஒரே ஒரு ஊரிலாவது நடந்திருந்தால், அந்தப் போர் என் நினைவில் நின்றிருக்கும்.

மறுக்கும் உலகத்துக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதையும் உங்களிடமிருந்தே கற்றேன். மாரோவிண்டில் சேடா நீன் என்ற தொடக்க ஊரை விட்டு வெளியே சற்று நடந்தால் வானத்திலிருந்து ஓர் அலறல் கேட்கும். மர எல்ஃப் என்ற இனத்தைச் சேர்ந்த ஒருவர் தொப்பென்று விழுந்து இறந்துபோவார். அவருடைய பையில் மூன்று மந்திரச் சுருள்கள் இருக்கும். ஒன்றைப் படித்தால் தாவும் திறன் 7 நொடிகளுக்கு 1000 புள்ளிகள் ஏறும். ஒரே தாவலில் தீவின் பெரும்பகுதியைக் கடந்துவிடலாம். தரையிறங்கும்போதுதான் அந்த எல்ஃப் ஏன் இறந்தார் என்பது புரியும். நான் இரண்டு சுருள்களை அப்படி வீணாக்கினேன். மூன்றாவதைப் படிக்கும் முன், மெதுவாக விழும் மந்திரம் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, தரை நெருங்கும்போது அதைச் செய்தேன். ஒரு கீறல்கூட இல்லாமல் நின்றேன். எந்தப் பாத்திரமும் எனக்கு அதைச் சொல்லித் தரவில்லை. உலகம் முதலில் என்னைக் கொன்றது, பிறகு அதன் விதிகளை நேர்மையாகக் கடைப்பிடித்து என்னைப் பிழைக்கவும் விட்டது.

அந்த விதிகளில் பல இப்போது இல்லை. மிதக்கும் மந்திரம் நான்காம் பாகமான ஒப்லிவியனோடு மறைந்தது; நகரங்கள் மதிலுக்குள் தனிப் பகுதியாக ஏற்றப்படுவதால் பறந்து உள்ளே நுழைய விட முடியாது என்ற தொழில்நுட்பக் காரணம் எங்களுக்குப் புரியாமல் இல்லை. மந்திரங்களை நாமே கலந்து உருவாக்கும் வசதி ஸ்கைரிமில் போனது. மாரோவிண்டில் 27-ஆக இருந்த திறன்கள் ஒப்லிவியனில் 21 ஆகி, ஸ்கைரிமில் 18-ஆகச் சுருங்கின. வலிமை, அறிவு முதலான எட்டுப் பண்புகளும் நீங்கின. எண்ணிக்கை குறைந்ததற்காக நான் வருந்தவில்லை, சில திறன்கள் உண்மையிலேயே வீண்தான். மந்திரம் உருவாக்கும் மேசை போனதற்குத்தான் வருந்துகிறேன், ஏனென்றால் உங்கள் சமநிலைக் கணக்கை உடைக்கும் உரிமையை அது எங்களுக்குத் தந்திருந்தது. இது தனி ஆள் ஆடும் விளையாட்டு. நான் ஆட்டத்தை உடைத்தால் பாதிக்கப்படுவது நான் ஒருவன்தான். நகரங்களைத் திறந்து வைத்து, மிதக்கும் மந்திரத்தையும் அந்த மேசையையும் திருப்பிக் கொடுங்கள். கூடவே, கடினநிலை என்பது பகைவரின் அடியைப் பெருக்கி என் அடியைச் சுருக்கும் ஒரு பெருக்கல் கணக்காக மட்டும் இராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பரப்பளவைப் பற்றி நீங்கள் கவலைப்படத் தேவையில்லை. 1996-இல், இரண்டாம் பாகமான டாகர்ஃபாலில் ஆயிரக்கணக்கான ஊர்களைக் கணினியைக்கொண்டு உருவாக்கினீர்கள். 2023-இல் ஸ்டார்ஃபீல்ட் என்ற விண்வெளி விளையாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோள்களைத் தந்தீர்கள். இரண்டிலும் எனக்கு நினைவிருப்பது கையால் செதுக்கிய சில இடங்கள்தான். ஒரு மாகாணம் போதும். அதை நடந்தே கடக்க வைத்தால் அது பெரிதாகவே தெரியும்.

அடுத்தது ரசிகர்கள் தாங்களே உருவாக்கி விளையாட்டோடு இணைக்கும் சேர்க்கைகள். மாட் என்றுதான் அவற்றைச் சொல்கிறோம். தமிழில் எழுதினால் மாட்டுச் சந்தையைப் பற்றிப் பேசுவதுபோல் ஆகிவிடுவதால் சேர்க்கை என்கிறேன். மாரோவிண்டின் கணினிப் பதிப்போடு சேர்க்கைகளை உருவாக்கப் பயன்படும் கருவியையும் சேர்த்தே கொடுத்தீர்கள். அதன் பயனாக, விளையாட்டில் இடம்பெறாத மாரோவிண்டின் பெருநிலப் பகுதியை முழுதாகக் கட்டி எழுப்பும் டாம்ரியல் ரீபில்ட் என்ற ரசிகர் குழு இத்தனை ஆண்டுகளாக, ஊதியம் எதுவும் இல்லாமல், இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது. ஸ்கைரிமுக்கான சேர்க்கையாகத் தொடங்கிய ஃபர்காட்டன் சிட்டி 2021-இல் தனி விளையாட்டாகவே வெளிவந்தது. மறுபக்கம், 2015 ஏப்ரலில் ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் சேர்க்கைகளுக்கு விலை வைத்து, உருவாக்கியவருக்கு 25 விழுக்காடு மட்டும் தருவதாகச் சொன்ன திட்டம் சில நாள்களிலேயே கைவிடப்பட்டதும் உங்களுக்கு நினைவிருக்கும். உழைப்புக்கு ஊதியம் கொடுப்பதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் விளையாட்டை வாங்கிப் பல ஆண்டுகள் கழித்து, உங்கள் கடைக்குப் புதுப் பொருள் வைப்பதற்காக வரும் மேம்பாடு ஒன்று, நூற்றுக்கணக்கான பழைய சேர்க்கைகளை ஒரே இரவில் செயலிழக்கச் செய்வது நியாயம் இல்லை. 2021 நவம்பரில் வந்த ஸ்கைரிமின் பத்தாண்டு நிறைவுப் பதிப்பின்போது அது நடந்தது. 2023 டிசம்பரிலும் நடந்தது. ஆறாம் பாகத்தில், எந்தப் பதிப்பில் நிற்பது என்பதை ஆடுபவரே தேர்ந்துகொள்ளும் வசதி முதல் நாளிலிருந்தே இருக்கட்டும். உருவாக்கும் கருவியையும் வெகுநாள் கழித்துத் தராமல் விளையாட்டோடு சேர்த்தே கொடுங்கள்.

இனி, தமிழில் எழுதியதற்கான காரணம். உங்கள் உலகம் எழுத்தால் நிறைந்தது. அலமாரிகளில் அடுக்கியிருக்கும் நூல்கள், இறந்தவன் பையிலிருக்கும் நாட்குறிப்பு, சத்திரச் சுவரில் ஒட்டிய அறிவிப்பு எல்லாம் படிப்பதற்கானவை. நான் மேலே கேட்டபடி வழியையும் சொல்லால் சொல்லத் தொடங்கினால் படிக்க வேண்டியது இன்னும் கூடும். ஸ்கைரிம் பல மொழிகளில் வந்தது, அவற்றில் தமிழ் இல்லை. நீங்களே மொழிபெயர்த்துத் தர வேண்டும் என்று நான் கேட்கவில்லை; சந்தைக் கணக்கு எனக்கும் புரியும். அந்த வேலையைச் செய்ய எங்களில் ஆள்கள் இருக்கிறார்கள். எங்களுக்குத் தேவை, தமிழ் எழுத்து உங்கள் திரையில் உடையாமல் நிற்பது மட்டும்தான்.

'கொடு' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முதல் எழுத்தில், ககரத்துக்கு முன்னால் ஒரு கொம்பும் பின்னால் ஒரு காலும் வரும். கணினியிலோ ககரம் முதலிலும், ஒகரக் குறி அதற்குப் பின் ஒற்றைக் குறியாகவும் சேமிக்கப்படுகின்றன. அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து ககரத்தின் இருபுறமும் வைப்பது, எழுத்தைத் திரையில் வரையும் நிரலின் வேலை. ஆங்கில எழுத்தைப்போல ஒன்றன்பின் ஒன்றாக அடுக்க மட்டுமே தெரிந்த நிரலில், கொம்பு இடம்மாறி, புள்ளி தனியே மிதந்து, தமிழ் தெரிந்தவரே படிக்க முடியாத கோலமாகிவிடும். அதைச் சரியாகச் செய்யும் ஹார்ஃப்பஸ் என்ற திறமூல நிரல் தொகுப்பை ஆண்ட்ராய்டும் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் பல காலமாகப் பயன்படுத்துகின்றன. அதற்கு உரிமக் கட்டணமும் கிடையாது. அதை உங்கள் விளையாட்டை இயக்கும் எஞ்சினில் சேர்த்து, எழுத்துருவை மாற்றவும் உரைக் கோப்புகளை யூனிகோடில் திறந்து திருத்தவும் வழிவிட்டால், தமிழுக்கு மட்டுமன்றி இந்தி, வங்காளம், மலையாளம், தாய்லாந்து மொழிகளின் ஆட்டக்காரர்களுக்கும் அதே கதவு திறக்கும். இதை இப்போதே, வடிவமைப்புக் கட்டத்திலேயே செய்தால் சிறு வேலை. வெளியீட்டுக்குப் பிறகு நாங்கள் வெளியிலிருந்து ஒட்டுப்போட்டு இதைச் செய்வது மிகக் கடினம்.

முன்னோட்டத்தில் கண்ட அந்த மலைகள் உங்கள் கற்பனை உலகத்தின் ஹாமர்ஃபெல் நாட்டுடையவையாக இருக்கலாம் என்று ரசிகர்கள் ஊகிக்கிறார்கள். எதுவாக இருந்தாலும் சரி. 2004-இல் பல்மோராவிலிருந்து போக வழி எழுதிய நோட்டு இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது, அதில் பதினேழு பக்கங்கள் வெறுமையாக உள்ளன.

இப்படிக்கு,
இரண்டு சுருள்களை வீணாக்கிய ஓர் ஆட்டக்காரன்